காலையில் கடலடி, இரவில் நுவரெலியாவா?

கேள்வி: ஜூலையில் ஐந்து நாள் பயணமாக இலங்கை போகிறோம். மூன்றாம் நாள் காலை திருகோணமலையில் ஸ்கூபா டைவிங். மதியம் இரண்டு மணிக்கு வேனில் கிளம்பி, இரவு நுவரெலியாவில் தங்கல். டைவ் முடித்ததும் விமானம் ஏறக் கூடாது என்று படித்தேன். “நாம போறது வேன்லதானே சார், ஒண்ணும் ஆகாது” என்கிறார் ஏஜென்ட். எனக்கும் மனைவிக்கும் இதுதான் முதல் டைவ். பயப்பட வேண்டுமா? - மதுரை வாசகர்

பதில்: ஏஜென்ட் சொல்வது தவறு. டைவ் அடித்த அன்றே நுவரெலியாவுக்கு ஏறாதீர்கள்.

விமானம் வேண்டாம் என்பது அது பறக்கிறது என்பதற்காக அல்ல, உயரத்தில் காற்றழுத்தம் குறைவு என்பதற்காக. பறக்கும்போது விமானத்துக்குள் இருக்கும் அழுத்தம், 2,400 மீட்டர் மலை மேல் நிற்பதற்குச் சமமான அளவுவரை இறங்கும். நுவரெலியா 1,868 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். வேனில் போனாலும் ரயிலில் போனாலும் இதே கணக்கு.

கடலில் 10 மீட்டர் இறங்கினாலே அழுத்தம் இரண்டு மடங்காகிவிடும். சிலிண்டர் காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன். அது வழக்கத்தைவிட அதிகமாக உங்கள் ரத்தத்திலும் தசையிலும் கரைந்துவிடும். கரையேறிய பிறகு மூச்சு வழியே மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அவகாசம் தராமல் மலையேறினால், வெளி அழுத்தம் குறைந்து அந்த நைட்ரஜன் உள்ளேயே குமிழ் கட்டும். மூட்டு வலி, விரல்களில் மரமரப்பு என்று தொடங்கி, கை கால் விளங்காமல் போவதுவரை போகலாம். முதல் டைவில் ஆழம் குறைவு, ஆபத்தும் குறைவு. அதற்காக அதைச் சோதித்துப் பார்க்க வேண்டுமா?

விமானப் பயணத்துக்கு முன் ஒரே டைவ் என்றால் 12 மணி நேரம், அதற்கு மேல் என்றால் 18 மணி நேரம் என்பது டைவிங் பாதுகாப்பு அமைப்புகள் சொல்லும் குறைந்தபட்ச இடைவெளி. நீங்கள் 24 மணி நேரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். மலைக்கும் அதுதான், கட்டுநாயக்கவில் ஏறும் விமானத்துக்கும் அதுதான்.

உங்கள் திட்டத்தைத் திருத்துவது சுலபம். அன்றிரவு தம்புள்ளையில் தங்குங்கள், அது தாழ்வான ஊர். மறுநாள் காலை சிகிரியா பார்த்துவிட்டு மதியத்துக்கு மேல் மலையேறலாம். கண்டிவரை கவலையில்லை. கம்பளை தாண்டி ரம்பொடை வளைவுகளில்தான் உண்மையான ஏற்றம். ஹோட்டல் முன்பணம் போய்விடும் என்று ஏஜென்ட் இழுப்பார். போகட்டும்.

இந்தப் பேக்கேஜ்களைப் போடுகிறவர்கள் கிலோமீட்டரை மட்டும் பார்க்கிறார்கள், மீட்டரைப் பார்ப்பதில்லை. நாங்கள் தண்ணீரிலிருந்து வெளியே வரும்போதே வேன் எஞ்சினை ஓட விட்டபடி ஹாரன் அடித்த டிரைவர்களைத் திருகோணமலை அருகே நிலாவெளிக் கடற்கரையில் பார்த்திருக்கிறேன். இன்றிரவு எங்கே தூங்கப் போகிறீர்கள் என்று ஒருவர் கேட்பதில்லை. அதைவிட மோசம் மருத்துவப் படிவம். ஆஸ்துமா உண்டா, இதயக் கோளாறு உண்டா, காதில் அறுவை சிகிச்சை நடந்ததா என்று கேட்கும் தாளில், எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்று புரோக்கரே டிக் அடித்துக் கொண்டுவருகிறார். ஆங்கிலத்தில் இருப்பதால் நம்மவர்கள் படிக்காமல் கையெழுத்துப் போடுகிறார்கள். உயிர் சம்பந்தப்பட்ட தாளைத் தமிழிலும் சிங்களத்திலும் கொடுக்க ஏன் இத்தனை வருடத் தயக்கம்? வெற்றுப் படிவத்தைக் கேட்டு வாங்கி, நீங்களே நிரப்புங்கள். பயிற்சியாளரின் தகுதி அட்டையையும் கேளுங்கள். கேட்டதற்குக் கோபப்பட்டால் வேறு கடைக்குப் போங்கள்.

இந்த 24 மணி நேரக் கணக்குக்கு ஒரு விலக்கு உண்டு. பலர் இதில் குழம்புவதால் விரிவாகவே சொல்கிறேன். புறாமலைத் தீவில் கண்ணாடியும் குழாயும் மாட்டிக்கொண்டு மேலே மிதந்தபடி பவளப்பாறை பார்ப்பது ஸ்நோர்க்கெலிங். அங்கே நீங்கள் இழுப்பது மேலே உள்ள சாதாரணக் காற்று. நைட்ரஜன் சேராது. மூச்சடக்கி நாலைந்து முறை உள்ளே போய் வந்தாலும் இந்தக் கணக்கு உங்களுக்கு இல்லை. மதியமே நுவரெலியா போகலாம். ஆனால் புரோக்கர்கள் இதையும் ‘டைவிங்’ என்றுதான் விற்கிறார்கள். மறுபக்கம், தலையில் கவசம் மாட்டி, மேலிருந்து குழாயில் காற்று அனுப்பிக் கடல் தரையில் நடக்க வைப்பதை ‘இது டைவிங்கே இல்லை’ என்பார்கள். அதுவும் டைவிங்தான். பெயரை விடுங்கள். தண்ணீருக்கு அடியில் இருந்தபடி மூச்சு இழுத்தீர்களா என்று மட்டும் பாருங்கள். இழுத்திருந்தால் 24 மணி நேரம்.

இத்தகைய பேக்கேஜ்களில் டைவ் அடித்த அன்று மாலையே ஆயுர்வேத மசாஜும் சேர்த்திருப்பார்கள். மறுநாளைக்குத் தள்ளிப் போடுங்கள். தோளில் புதிதாக ஒரு வலி வந்து, அதை எண்ணெய் போட்டு நீவிவிட்டால், அது குமிழால் வந்த வலியா, பிடித்துவிட்டதால் வந்த வலியா என்று தெரியாமல் போகும். வலியோ மரமரப்போ வந்தால் மேலே ஏறாமல் மருத்துவமனைக்குப் போய், முதல் வாக்கியமாக ‘ஸ்கூபா டைவிங் செய்தேன், இத்தனை மணிக்கு’ என்று சொல்லுங்கள்.