பல் வைத்தியத்துக்கு 62,000 ரூபாய்: இஎம்ஐ போடலாமா?

கேள்வி: திருப்பூரில் வசிக்கிறோம். எனக்கு மாதச் சம்பளம் 48,000 ரூபாய். மனைவி பனியன் கம்பெனியில் 16,000 வாங்குகிறார். அம்மாவுக்கு 66 வயது, மகளுக்கு 7. குடும்பத்தோடு பல் டாக்டரிடம் போனதில் மொத்தம் 62,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் கொடுத்தார்கள். எனக்கு ஒரு கடைவாய்ப்பல்லில் ரூட் கேனால் (நரம்புவரை போன சொத்தையைச் சுத்தம் செய்து உள்ளே அடைப்பது) 6,000, அதன் மேல் மாட்டும் ஜிர்கோனியா (பல் நிறத்தில் இருக்கும் கெட்டியான செராமிக்) கேப் 11,000. மனைவிக்கு மூன்று பல் அடைக்க 4,500. மகளுக்கு இரண்டு பால் பல் அடைக்க 2,500. பெரியவர்கள் மூவருக்கும் க்ளீனிங் 3,000. அம்மாவுக்கு இரண்டு வருடம் முன் பிடுங்கிய பல்லின் இடத்தில் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் திருகு பதித்து அதன் மேல் வைக்கும் செயற்கைப் பல்) 35,000. 12 மாத வட்டியில்லா இஎம்ஐ தருகிறார்கள், பிராசஸிங் கட்டணம் 2,000 மட்டும். மொத்தமாகக் கட்டினால் 8 சதவீதம் தள்ளுபடி. சேமிப்புக் கணக்கில் 30,000 இருக்கிறது. ஒரு லட்சம் எஃப்டியில் இருக்கிறது, எட்டு மாதத்தில் முதிரும். இஎம்ஐ போடலாமா, எஃப்டியை உடைக்கலாமா? பல்லுக்கும் சேர்த்து ஒரு இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு அப்புறம் வைத்தியம் பார்த்தால் என்ன?

பதில்: இஎம்ஐ வேண்டாம், எஃப்டியையும் தொட வேண்டாம். 62,000-ஐயும் ஒரே நாளில் கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் அந்த 'வட்டியில்லா' கணக்கு. ரொக்கமாகக் கட்டினால் 4,960 ரூபாய் குறைந்து 57,040-தான் ஆகும். இஎம்ஐயில் முழு 62,000 கட்டுகிறீர்கள், மேலே கட்டணம் 2,000, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 360. ஆக 7,320 ரூபாய் கூடுதல். கடன் மாதாமாதம் குறைந்துகொண்டே வருவதால், ஆண்டு முழுக்கச் சராசரியாக 30,000 ரூபாய் அளவுக்குத்தான் அவர்கள் பணம் உங்களிடம் இருக்கும். அதற்கு 7,320 என்றால் ஆண்டுக்குச் சுமார் 24 சதவீத வட்டி. தள்ளுபடி என்ற பெயரில் ஒளிந்திருப்பதால் இது வட்டியாகத் தெரிவதில்லை.

இன்னொரு வட்டி அந்த எஸ்டிமேட்டிலேயே இருக்கிறது. மனைவியின் பல்லில் ஒரு சொத்தையை அடைக்க 1,500. அதே சொத்தை உள்ளே இறங்கி நரம்பைத் தொட்டுவிட்டால் உங்களுக்கு ஆனது போல 17,000. அதையும் விட்டுப் பல்லைப் பிடுங்கிய பிறகு அந்த இடத்தை நிரப்ப, அம்மாவுக்குப் போல 35,000. மூன்று பேர் மூன்று படியில் நிற்கிறீர்கள். ஆகவே எதைத் தள்ளிப்போட்டால் செலவு பெருகுமோ அதை முதலில் முடிக்க வேண்டும்.

இந்த மாதமே ரூட் கேனால், மனைவியின் மூன்று பல், மகளின் இரண்டு பல், க்ளீனிங் ஆகியவற்றை முடியுங்கள்: 16,000. ரூட் கேனால் முடிந்த சில வாரங்களுக்குள் கேப்: 11,000. இந்த 27,000-க்கும் அதே 8 சதவீதம் கேளுங்கள். பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். கொடுத்தால் 24,840, சேமிப்புக் கணக்கிலிருந்தே கட்டிவிடலாம். கையில் 5,000 சொச்சம்தான் மிஞ்சும் என்று பயப்பட வேண்டாம், அவசரம் வந்தால் எஃப்டி இருக்கிறது. இஎம்ஐயாகக் கட்டத் தயாராக இருந்த 5,167 ரூபாயை அடுத்த மாதத்திலிருந்து தனியாக எடுத்து வையுங்கள். ஏழு மாதத்தில் 36,169 சேரும். அம்மாவின் இம்ப்ளான்ட் ரொக்கத்திலேயே முடிந்துவிடும்.

அம்மாவைக் கடைசியில் தள்ளுகிறேனே என்று நினைக்காதீர்கள். பல் போன இடத்தில் எலும்பு வேகமாகக் கரைவது முதல் ஓராண்டுக்குள்தான். இரண்டு வருடம் கடந்துவிட்ட இடத்தில் இன்னும் ஏழு மாதத்தால் பெரிய மாற்றம் வராது. ஆனால் வருடக்கணக்கில் விடக்கூடாது: பக்கத்துப் பல் சாயும், எதிர்ப்பல் அந்த இடைவெளியை நோக்கி இறங்கிவரும். இந்த இடைவெளியில் அவருக்குச் சர்க்கரை இருந்தால் மூன்று மாதச் சராசரிச் சோதனை எடுத்துக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள். சர்க்கரை ஏறிக் கிடந்தால் ஈறும் ஆறாது, இம்ப்ளான்ட்டும் எலும்போடு சரியாகச் சேராது. 35,000 ரூபாய் அந்த இடத்தில்தான் வீணாகும். இம்ப்ளான்ட் மட்டும்தான் வழியா என்றும் டாக்டரிடம் கேளுங்கள். பக்கத்துப் பற்களைப் பிடிமானமாக வைத்துக் கட்டும் பிரிட்ஜுக்குச் செலவு குறைவு, ஆனால் இரண்டு பக்கத்து நல்ல பல்லையும் ராவ வேண்டும். கழற்றி மாட்டும் செட் இன்னும் மலிவு.

உங்கள் பல்லில் பலர் செய்யும் தவறைச் செய்துவிடாதீர்கள். ரூட் கேனால் முடிந்ததும் வலி போய்விடும், 'கேப் அப்புறம் பார்க்கலாம்' என்று விட்டுவிடுவார்கள். சொத்தையாலும் துளைத்ததாலும் பாதி தேய்ந்துபோன கடைவாய்ப்பல் அது, மெல்லும் அழுத்தத்தில் பிளந்துவிடும். வேர்வரை பிளந்தால் பிடுங்குவதுதான் வழி, கட்டிய 6,000-உம் போச்சு. பணத்தை மிச்சம் பிடிக்க வேண்டுமானால் கேப்பின் ரகத்தில் பிடியுங்கள். சிரித்தால் தெரியாத கடைவாய்ப்பல்லுக்கு உலோகத்தின் மேல் செராமிக் பூசிய கேப், ஏன் முழு உலோக கேப்கூட நன்றாக உழைக்கும், விலையும் ஜிர்கோனியாவைவிடக் குறைவு. ஜிர்கோனியாவுக்குப் பத்து வருட வாரன்ட்டி அட்டை தருவார்கள். அது கேப்புக்கு மட்டும். உள்ளே இருக்கும் பல் மறுபடி சொத்தையானால் அட்டை உதவாது.

இன்சூரன்ஸ் எடுத்துவிட்டு வைத்தியம் பார்க்கலாம் என்பது சரிவராது. வழக்கமான மருத்துவக் காப்பீட்டில் விபத்தால் மருத்துவமனையில் சேர்ந்தால் தவிரப் பல் வைத்தியத்துக்குப் பணம் கிடைப்பது அரிது. புறநோயாளிச் செலவைத் தரும் பாலிசிகளில் பல்லுக்குச் சிறிய உச்சவரம்பு இருக்கும், கூடுதல் பிரீமியம் ஏறத்தாழ அதைத் தின்றுவிடும். தவிர, எஸ்டிமேட் கையில் வாங்கியாயிற்று, அது முன்பே இருந்த நோய். அதற்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டுவரை போகலாம். அதற்குள் 1,500 ரூபாய்ச் சொத்தை எந்தப் படிக்குப் போயிருக்கும்? உங்கள் கம்பெனியில் குரூப் பாலிசி இருந்தால் அதில் பல் சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் ஹெச்ஆரிடம் கேட்டுவிடுங்கள்.

கேட்க மறந்த ஒன்று உண்டு. மனைவியின் சம்பளம் 21,000-க்குக் கீழ், ஆகவே இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) பிடிக்க வேண்டும். 0.75 சதவீதம், அதாவது மாதம் 120 ரூபாய் பிடித்தம் சம்பளச் சீட்டில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அவருக்கும் மகளுக்கும், கணவர் என்ற முறையில் உங்களுக்கும் இஎஸ்ஐ சிகிச்சை உண்டு. பல் மருத்துவர் எந்த மருத்துவமனையில் இருக்கிறார் என்று டிஸ்பென்சரியில் விசாரியுங்கள். கோவை, திருச்செங்கோடு பக்கத்துத் தனியார் பல் மருத்துவக் கல்லூரிகளிலும் கட்டணம் குறைவு. பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் செய்வார்கள், நடை அதிகம். நாலு நடைக்கு மனைவியின் நாலு நாள் சம்பளமே 2,400-க்கு மேல் போகும், அதையும் கணக்கில் சேருங்கள். மூன்று அடைப்புக்காக அலைவது வீண். அம்மாவின் இம்ப்ளான்ட்டுக்கு அங்கே ஒரு விலை கேட்டுப் பார்ப்பது தப்பில்லை.

வரிச்சலுகைக்காக எதையும் மாற்ற வேண்டாம். காப்பீடு இல்லாத 60 வயது கடந்த பெற்றோரின் மருத்துவச் செலவுக்கு 50,000 வரை கழிவு உண்டு என்று சொல்வார்கள். அது பழைய வரிமுறையில், ரொக்கமில்லாமல் கட்டினால். உங்கள் சம்பளத்துக்குப் புதிய முறையில் வரியே இல்லை.

மகளுடையது விழப்போகிற பால் பல்தானே என்று அந்த 2,500-ஐ வெட்டிவிடாதீர்கள். கடைவாய்ப் பால் பற்கள் 10 முதல் 12 வயதுவரை இருக்கும். அதற்குமுன் போனால் பக்கத்துப் பல் நகர்ந்துவந்து, பின்னால் கம்பி கட்டும் செலவு வரும். ஆறு வயதில் பால் பல் வரிசைக்குப் பின்னால் ஒரு பெரிய பல் முளைத்திருக்கும், அது விழாத பல். அதன் பள்ளங்களில் சொத்தை பிடிக்காமல் மூடிவைக்கும் சீலன்ட் பூச எவ்வளவு என்று கேளுங்கள். எஸ்டிமேட்டில் நான் கூட்டச் சொல்லும் ஒரே வரி அதுதான்.

இனி பல் செலவுக்கென்றே மாதம் 500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி (மாதத் தவணைச் சேமிப்பு) போடுங்கள். ஆண்டுக்கு 6,000. மூன்று மாதத்துக்கு ஒரு பிரஷ் வீதம் நாலு பேருக்குப் பதினாறு பிரஷ், 40 ரூபாய் என்று வைத்தால் 640. பேஸ்ட்டுக்கு 1,200. மூவருக்கு வருடம் ஒரு க்ளீனிங் 3,000. மீதியில் மகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு பரிசோதனை. க்ளீனிங் செய்தால் பல் ஆடும் என்று அம்மா தடுப்பார்: ஆடுவது ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பல், பல்லில் கெட்டியாகப் படிந்த காரை அதைப் பிடித்து வைத்திருந்தது, அவ்வளவுதான். பிரஷ் மெத்தென்றது வாங்குங்கள். கெட்டியான பிரஷ்ஷால் குறுக்கே தேய்த்தால் ஈறோரம் பல் அரிந்து, அதையும் அடைக்க வேண்டிவரும். பேஸ்ட்டில் 1000 பிபிஎம் அளவில் ஃப்ளூரைடு இருக்கிறதா என்று பாருங்கள். மூலிகைப் பேஸ்ட் பலவற்றில் இருக்காது. மகளுக்குப் பட்டாணி அளவு போதும், இன்னும் ஓரிரு வருடம் நீங்களே தேய்த்துவிட வேண்டும். துப்பியபின் தண்ணீரால் கொப்பளித்தால் ஃப்ளூரைடும் போய்விடும், துப்புவதோடு நிறுத்துங்கள்.

காலையில் தேய்ப்பதை யாரும் மறப்பதில்லை. சொத்தை பிடிப்பது, தூக்கத்தில் எச்சில் சுரப்பு குறையும் இரவில். படுக்கும்முன் இரண்டு நிமிடம் தேய்த்தபின் பால், பிஸ்கட் எதுவும் கூடாது. வேலையிடத்தில் ஆறு முறை சர்க்கரை போட்ட டீ குடிக்கிறீர்கள் என்றால், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் பல் அமிலத்தில் ஊறுகிறது. அதில் நாலை நிறுத்தினால் ஆர்டி தவணைக்குப் பணம் தேட வேண்டியிருக்காது.