டிஸ்னி வேர்ல்டைச் சுற்றி நடக்கும் சாலை வேலைகள்: கேள்வி பதில்

மத்திய ஃப்ளோரிடாவில் சாலை வடிவமைப்பு வேலையில் பல வருடம் இருந்தவன் என்பதால், ஆர்லாண்டோவுக்குப் போகிற நம்மவர்கள் வழி கேட்டு என்னிடம் வருவது வழக்கம். இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை டிஸ்னி வேர்ல்டைச் சுற்றி நடக்கும் சாலை வேலைகளைப் பற்றித்தான். எல்லாவற்றுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: முதல்முறை குடும்பத்தோடு போகிறோம் சார். மேப்பைத் திறந்தால் எங்கு பார்த்தாலும் சாலை வேலை. வருடக்கணக்காக ஏன் முடியவே மாட்டேன் என்கிறது?

அது ஒரே வேலை இல்லை என்பதால்தான். ஐ-4 ஹைவே மாநிலப் போக்குவரத்துத் துறையுடையது. சுற்றியுள்ள டோல் சாலைகளில் பெரும்பகுதி மத்திய ஃப்ளோரிடா எக்ஸ்பிரஸ்வே ஆணையத்துடையது. டிஸ்னி நிலத்துக்குள் இருக்கும் முக்கியச் சாலைகளை ஒரு சிறப்பு மாவட்டம் பார்த்துக்கொள்கிறது. 1967-ல் 'ரீடி கிரீக் மேம்பாட்டு மாவட்டம்' என்று மாநிலச் சட்டத்தால் உருவானது அது. 2023-ல் அதன் பெயரும் நிர்வாகக் குழுவும் மாறின. இப்போது 'மத்திய ஃப்ளோரிடா சுற்றுலா மேற்பார்வை மாவட்டம்'. நில உரிமையாளர்கள் கட்டும் வரியும் கடன் பத்திரங்களும்தான் அதன் பணம். அங்கே மிகப் பெரிய நில உரிமையாளர் டிஸ்னியே.

ஆக மூன்று அமைப்பு, மூன்று பணப்பை, மூன்று கால அட்டவணை. ஒருவர் முடிக்கும்போது அடுத்தவர் தோண்ட ஆரம்பிப்பார். இடமும் சின்னது இல்லை. சுமார் 40 சதுர மைல், கிட்டத்தட்ட சான் பிரான்சிஸ்கோ அளவு. ஒரு நகரத்தின் சாலை வேலை என்று நினைத்துக்கொண்டால் இது முடியாமல் நீள்வது வியப்பாக இருக்காது.

கேள்வி: டாம்பாவிலிருந்து ஐ-4-ல் வருகிறோம். சாம்பியன்ஸ்கேட் தாண்டினாலே வண்டி நகர்வதில்லை. ஐ-4 விரிவாக்கம் 2022-லேயே முடிந்துவிட்டது என்று படித்தேனே?

நீங்கள் படித்தது சரி. ஆனால் அது வேறு பகுதி. 'ஐ-4 அல்டிமேட்' என்ற அந்தத் திட்டம் 21 மைல். கர்க்மன் சாலைக்கு மேற்கே தொடங்கி, ஆர்லாண்டோ நகரத்தைக் கடந்து, வடக்கே 434-ஆம் எண் மாநிலச் சாலை வரை போகும். 2015-ல் தொடங்கி 2022-ல் எக்ஸ்பிரஸ் லேன் திறந்தார்கள். டிஸ்னி அதற்குத் தென்மேற்கே இருக்கிறது. நீங்கள் மாட்டிக்கொள்ளும் பகுதியை அந்தத் திட்டம் தொடவே இல்லை.

அந்தப் பகுதிக்கான வேலைதான் இப்போது நடப்பது. 2023-ல் மாநில அரசு 400 கோடி டாலர் ஒதுக்கி, நெரிசல் மிகுந்த பல சாலைகளின் வேலையை முன்னுக்கு இழுத்தது. அதில் யுஎஸ் 27-க்கும் டிஸ்னிக்கும் இடைப்பட்ட ஐ-4-ம் ஒன்று. அது முடியும்வரை தடுப்புச் சுவரும், குறுகிய ஓரமும், அடிக்கடி இடம் மாறும் லேன் கோடுகளும் இருக்கத்தான் செய்யும். தொழிலாளர்கள் நிற்கும் இடத்தில் வேகம் மீறினால் ஃப்ளோரிடாவில் அபராதம் இரட்டிப்பு. அபராதத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கான்கிரீட் தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று வேலை பார்த்திருக்கிறேன். அறுபது மைல் வேகத்தில் வண்டி போகும்போது காலடியில் தரை அதிர்வது தெரியும். தயவுசெய்து மெதுவாகப் போங்கள்.

உங்களுக்கு ஒரு மாற்று வழி உண்டு. எக்ஸிட் 60-ல் இறங்கி 429 டோல் சாலையைப் பிடியுங்கள். வெஸ்டர்ன் வேயில் இறங்கினால் டிஸ்னியின் மேற்கு வாசல் வழியாக உள்ளே போய்விடலாம். கோரனாடோ ஸ்பிரிங்ஸ், அனிமல் கிங்டம் பக்கம் தங்குபவர்களுக்கு இதுதான் நிம்மதியான வழி.

கேள்வி: விமான நிலையத்திலிருந்து போக டோல் கட்டத்தான் வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் குழந்தைகளோடு, பழக்கமில்லாத வாடகைக் காரில் போகும்போது கட்டுவது நல்லது. 417 டோல் சாலையில் தெற்கே போய் எக்ஸிட் 6-ல் இறங்கினால் 536-ஆம் எண் சாலை. அந்தச் சாலையே ஐ-4-ஐக் கடந்ததும் எப்காட் சென்டர் டிரைவ் ஆகிவிடும். ஐ-4-ல் ஏறவே வேண்டாம் என்பதுதான் இதன் பெரிய லாபம்.

டோல் விஷயத்தில் ஒன்று: வாடகைக் கார் நிறுவனங்கள் டோலுக்கு மேல் தினக் கட்டணமும் சேர்த்துப் போடுவது உண்டு. விமான நிலையத்தில் 'விசிட்டர் டோல் பாஸ்' என்ற அட்டை இலவசமாகக் கிடைக்கிறது. செயலியில் முன்பதிவு செய்து, கண்ணாடியில் தொங்கவிட்டு, திரும்பும்போது பெட்டியில் போட்டுவிட வேண்டும். நிஜமான டோல் மட்டும்தான் போகும்.

கேள்வி: ஐ-4 'ஈஸ்ட்', 'வெஸ்ட்' என்று போட்டிருக்கிறது. நாங்கள் வடக்கே அல்லவா போகிறோம்? இரண்டு முறை தப்பான பக்கம் ஏறிவிட்டோம்.

டாம்பாவுக்கும் டேடோனா பீச்சுக்கும் நடுவே போகும் சாலை என்பதால் மொத்தமாகக் கிழக்கு மேற்கு என்று பெயர். டிஸ்னி அருகே அது தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுகிறது. ஆர்லாண்டோ நகரம் என்றால் ஈஸ்ட், டாம்பா என்றால் வெஸ்ட் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எக்ஸிட் எண்கள் மைல் கணக்கு; ஈஸ்ட்டில் போனால் ஏறும். 62 வேர்ல்ட் டிரைவ், 64 யுஎஸ் 192, 65 ஆசியோலா பார்க்வே, 67 எப்காட், 68 என்பது 535-ஆம் எண் சாலை. அடுத்தடுத்து வருவதால் கடைசி நொடியில் லேன் மாற்றாதீர்கள். தவறவிட்டால் அடுத்ததில் இறங்கலாம். எல்லாமே உள்ளே சுற்றி இணையும்.

கேள்வி: டேரில் கார்ட்டர் பார்க்வேயில் புதிதாகத் திறந்த சந்திப்பில் திடீரென்று சாலையின் இடப்பக்கம் போகச் சொல்கிறது! என் மனைவி பயந்தே போய்விட்டார். யார் இப்படி வடிவமைத்தது?

முதல்முறை எல்லோருக்கும் நெஞ்சு படபடக்கும். ஆனால் அது எனக்கு மிகவும் பிடித்த வடிவம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அமெரிக்காவில் வண்டி ஓட்டுவது வலப்பக்கம். அதனால் சாதாரண ஹைவே சந்திப்பில் நேரத்தைத் தின்பது இடது திருப்பம்தான். ஹைவேயில் ஏற இடது திரும்புகிறவர், எதிரே வரும் வண்டிகள் எல்லாம் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். அவருக்கென்று தனி அம்புக்குறி சிக்னல், அந்த நேரத்தில் மற்ற எல்லோருக்கும் சிவப்பு. புதிய வடிவத்தில், ஹைவேயைக் கடப்பதற்கு முன்பே இரு திசை வண்டிகளும் ஒரு சிக்னலில் குறுக்காக மாறி இடப்பக்கம் போய்விடுகின்றன. இப்போது இடது திரும்புகிறவருக்கு எதிரே யாருமே இல்லை. நிற்காமல் அப்படியே ஏறிவிடலாம். நேராகப் போகிறவர் மறுமுனையில் இன்னொரு சிக்னலில் பழைய வலப்பக்கத்துக்கே வந்துவிடுவார். சிக்னலுக்கு இரண்டே கட்டம்தான். சிவப்பில் நிற்கும் நேரம் குறைகிறது. மோதல் நடக்கக்கூடிய புள்ளிகளும் குறைகின்றன, குறிப்பாக உயிரைப் பறிக்கும் பக்கவாட்டு மோதல்கள்.

அமெரிக்காவில் இது முதலில் வந்தது 2009-ல், மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில். டிஸ்னிக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுவந்த காரணம் 535 சந்திப்பு. லேக் புவேனா விஸ்டா பகுதியின் ஹோட்டல், கடை, வீடு எல்லாவற்றின் வண்டியும் அந்த ஒரே வாய் வழியாகத்தான் ஐ-4-ல் ஏறவேண்டியிருந்தது. புது வாய் திறந்ததால் அந்தப் பாரம் பிரிகிறது.

உங்கள் மனைவியிடம் சொல்லுங்கள்: தரையில் போட்ட கோட்டையும் முன்னால் போகும் வண்டியையும் பின்தொடர்ந்தால் போதும். சாலையே சரியாகக் கொண்டுபோய் விடும்.

கேள்வி: டிஸ்னியின் கடைவீதியான டிஸ்னி ஸ்பிரிங்ஸில் முன்பு பார்க்கிங்குக்கே ஒரு மணிநேரம் ஆகும். இப்போது எப்படி?

தலைகீழாக மாறிவிட்டது. என்னைக் கேட்டால் அந்த நிலத்தில் நடந்த சாலை வேலைகளிலேயே சிறந்தது இதுதான். 2015-ல் 'டவுன்டவுன் டிஸ்னி' என்ற பெயர் 'டிஸ்னி ஸ்பிரிங்ஸ்' ஆனபோது கடைகள் மட்டும் கூடவில்லை. பெரிய பல அடுக்குப் பார்க்கிங்குகள் வந்தன. எந்த இடம் காலி என்று மேலே விளக்கே சொல்லும். மேற்கு நோக்கி வரும் ஐ-4-லிருந்து சாலைகளைத் தொடாமல் நேராகப் பார்க்கிங்குக்குள் இறங்க ஒரு தனிச் சரிவுப்பாதை போட்டார்கள். நடப்பவர்களுக்குச் சாலைக்கு மேலே பாலம்.

எல்லாவற்றையும்விட முக்கியம், புவேனா விஸ்டா டிரைவின் நடுவில் பேருந்துக்கு மட்டும் ஒதுக்கிய லேன். கார்கள் வரிசையில் நிற்க, நாற்பது ஐம்பது பேரை ஏற்றிய பேருந்து நிற்காமல் போகும். சாலை அகலத்தை யாருக்குக் கொடுப்பது என்ற கேள்விக்கு இங்கே நேர்மையாகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். இதை மற்ற பூங்காச் சாலைகளுக்கும் நீட்ட வேண்டும் என்பது என் ஆசை.

கேள்வி: சாலையை அகலப்படுத்தினால் நெரிசல் போய்விடுமா, சார்? உங்கள் வெளிப்படையான கருத்து வேண்டும்.

போகாது. குறையும், சில காலத்துக்கு. புது லேன் திறந்ததும், முன்பு விடியற்காலையில் கிளம்பியவர் எட்டு மணிக்குக் கிளம்புவார். சுற்றுவழியில் போனவர் நேர்வழிக்கு வருவார். லேன் நிரம்பிவிடும். அதற்காக அகலப்படுத்தவே கூடாது என்று சொல்ல மாட்டேன். இரண்டு லேனில் திணறும் சாலைக்கு நான்கு லேன் தேவைதான்.

ஆனால் பெரும்பாலும் சாலையின் நடுவில் நெரிசல் பிறப்பதில்லை. ஒன்று கலக்கும் இடத்தில் பிறக்கும், அல்லது ஒரு சிக்னலின் வாசலில். அதனால் வெவ்வேறு இடத்துக்குப் போகிறவர்களை முன்கூட்டியே பிரிப்பதுதான் உண்மையான மருந்து. மேஜிக் கிங்டம் பக்கம் 'வேர்ல்ட் டிரைவ் நார்த்' என்று கட்டம் கட்டமாக நடக்கும் வேலையின் பொருள் இதுதான்: பூங்கா பார்க்கிங்குக்குப் போகிறவரும் ஹோட்டலுக்குப் போகிறவரும் ஒரே குழாயில் அடைத்துக்கொள்ளக் கூடாது. ஹாலிவுட் ஸ்டுடியோஸ் பூங்காவுக்கு ஆசியோலா பார்க்வே பக்கம் இன்னொரு வாசல் கொடுத்ததும் அதே யோசனை. 2019 ஆகஸ்டில் அங்கே கேலக்ஸிஸ் எட்ஜ் என்ற ஸ்டார் வார்ஸ் பகுதி திறந்தபோது, அந்த வாசல் இல்லாமல் இருந்திருந்தால் வேர்ல்ட் டிரைவ் உறைந்திருக்கும்.

கேள்வி: காரே வேண்டாம் என்று இருக்கிறோம். சமாளிக்கலாமா?

தாராளமாக. உள்ளே டிஸ்னி பேருந்துகள் உண்டு, மோனோரயில் 1971 முதல் ஓடுகிறது, 2019 செப்டம்பரில் ஸ்கைலைனர் என்ற கம்பிவடப் பெட்டிகள் வந்தன. ஸ்கைலைனர் எப்காட்டையும் ஹாலிவுட் ஸ்டுடியோஸையும் சில ஹோட்டல்களோடு இணைக்கிறது. ஆனால் இடி மின்னல் வந்தால் நிறுத்திவிடுவார்கள். கோடையில் மாலை மழை அங்கே வாடிக்கை, அதனால் பேருந்தையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். விமான நிலையத்திலிருந்து இலவசமாக அழைத்துவந்த மேஜிக்கல் எக்ஸ்பிரஸ் பேருந்து மட்டும் 2022 தொடக்கத்தோடு நின்றுவிட்டது. அதற்கு இப்போது பணம் கொடுத்துத்தான் வரவேண்டும்.

கேள்வி: மேஜிக் கிங்டத்தில் வாணவேடிக்கை முடிந்ததும் வெளியே வர இரண்டு மணிநேரம் ஆனது. வயதான அம்மாவோடு மிகவும் சிரமப்பட்டோம்.

வருத்தமாக இருக்கிறது. இது சாலையால் வரும் பிரச்சினை இல்லை. அந்தப் பூங்காவின் பார்க்கிங் ஏரிக்கு அந்தப் பக்கம், ஏறக்குறைய ஒரு மைல் தள்ளி இருக்கிறது. பெரும்பாலோர் படகிலோ மோனோரயிலிலோதான் கடக்கிறார்கள். எல்லோரும் ஒரே பத்து நிமிடத்தில் கிளம்பினால் எந்த அமைப்பும் தாங்காது.

வேடிக்கை முடிந்த பிறகு முக்கால் மணிநேரம் உள்ளேயே அம்மாவை உட்காரவையுங்கள். கடைகள் அதன் பிறகும் திறந்திருக்கும். கால் வலுவுள்ளவர்களுக்கு இன்னொரு வழி: 2020-ல் கிராண்ட் ஃப்ளோரிடியன் ஹோட்டலிலிருந்து பூங்காவுக்கு நடைபாதை திறந்தார்கள். அதில் போய், பாலினேஷியன் ஹோட்டல் வழியாக, பார்க்கிங் வரை நடந்தே வந்துவிடலாம்.

கேள்வி: யுனிவர்சலின் எபிக் யுனிவர்ஸ் பூங்கா திறந்ததால் அந்தப் பக்கமும் நெரிசலா?

2025 மே 22-ல் திறந்தது. அதற்காகவே கர்க்மன் சாலையைத் தெற்கே நீட்டினார்கள். ஆரஞ்சு கவுண்டி 12.5 கோடி டாலர் தர 2019-லேயே ஒப்புக்கொண்டது. அதிலும் பேருந்துக்குத் தனி லேன் இருப்பதுதான் எனக்கு மகிழ்ச்சி.

கேள்வி: அண்ணா, நான் டிஸ்னியிலேயே வேலை பார்க்கிறேன். டேவன்போர்ட்டில் வீடு. எல்லாரும் சுற்றுலாப் பயணிகளைப் பற்றியே பேசுகிறார்கள். எங்களுக்கு இந்த வேலைகளால் என்ன பலன்?

தம்பி, இந்தக் கேள்விக்காகத்தான் மற்றதையெல்லாம் சீக்கிரம் முடித்தேன். அங்கே வேலை பார்ப்பவர்கள் 70,000-க்கும் அதிகம். சுற்றுலாப் பயணி வருடத்தில் ஒரு வாரம் அந்தச் சாலையில் இருப்பார். நீங்கள் தினமும் இருமுறை. பூங்கா அருகே வாடகை கட்ட முடியாமல் டேவன்போர்ட், கிஸ்ஸிமி, பாயின்சியானா என்று தள்ளிப் போனவர்கள்தான் ஐ-4-ன் அந்தப் பகுதியில் விடியற்காலையில் நிற்கிறார்கள். ஆகவே இப்போது நடக்கும் ஐ-4 வேலையின் பலன் முதலில் வரவேண்டியது உங்களுக்குத்தான்.

அதோடு நிற்கக் கூடாது. கட்டுப்படியாகும் வாடகையில் வீடுகள் கட்ட சுமார் 80 ஏக்கர் ஒதுக்குவதாக டிஸ்னி 2022-ல் அறிவித்தது. வேலைக்குப் பக்கத்தில் வீடு கிடைத்த ஒவ்வொருவரும் ஐ-4-லிருந்து குறைந்த ஒரு கார். நான் அதையும் சாலைத் திட்டமாகவே எண்ணுகிறேன். சுற்றுலா மேற்பார்வை மாவட்டத்தின் கூட்டங்கள் பொதுமக்களுக்குத் திறந்தவை. ஷிஃப்ட் முடியும் நேரத்துக்குப் பொருந்தும் பேருந்து வேண்டும் என்று உங்கள் நண்பர்களோடு போய்ப் பேசுங்கள். எந்த நேரத்தில், எந்த வாசலில், எத்தனை பேர் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். அப்படி ஒரு தாள் கையில் இருந்தால் வடிவமைப்பாளர்களுக்கு எவ்வளவு உதவி என்று எனக்குத் தெரியும். எழுதி அனுப்புங்கள், நான் சரிபார்த்துத் தருகிறேன்.