லைக் ஏறுகிறது, ஆர்டர் ஏறவில்லை: சமூக ஊடக எண்கள் பற்றிக் கேள்வி பதில்

சமூக ஊடக விளம்பரங்களின் எண்களோடு மல்லுக்கட்டுவதுதான் என் பிழைப்பு. கேள்விகளைக் கேட்கச் சொல்லியிருந்தேன், நிறையவே வந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, மூன்று மாதமாக எங்கள் பதிவுகளுக்கு லைக் ஏறிக்கொண்டே போகிறது. ஆர்டர் மட்டும் அசையவில்லை. எங்கே தப்பு?

லைக்குக்கும் ஆர்டருக்கும் நடுவில் நான்கைந்து படிகள் இருக்கின்றன. பார்த்தவர், லிங்க்கைத் தொட்டவர், பொருளின் பக்கத்தைப் படித்தவர், கூடையில் போட்டவர், பணம் கட்டியவர். ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் உதிர்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். கூடையில் போட்ட பிறகு பாதிப் பேர் காணாமல் போனால், டெலிவரி கட்டணமோ பணம் கட்டும் பக்கமோதான் இடிக்கிறது. அதைப் பதிவின் டிசைனை மாற்றிச் சரிசெய்ய முடியாது.

இரண்டு விளம்பரங்களைத் தலா 10,000 பேரிடம் காட்டினீர்கள் என்று வையுங்கள். முதலாவதை 500 பேர் கிளிக் செய்து 5 பேர் வாங்கினார்கள். இரண்டாவதை 120 பேர் கிளிக் செய்து 9 பேர் வாங்கினார்கள். கிளிக் விகிதத்தைப் பார்ப்பவர் முதலாவதைத்தான் தூக்கிவைத்துக் கொண்டாடுவார். அது இழுத்துவந்தது வேடிக்கை பார்க்கும் கூட்டம்.

கேள்வி: எங்கள் சராசரி ரீச் (ஒரு பதிவைப் பார்த்தவர்களின் எண்ணிக்கை) 4,720 என்று அறிக்கையில் வருகிறது. ஆனால் எந்தப் பதிவும் அதன் பக்கத்தில்கூட வருவதில்லையே?

உங்கள் பத்துப் பதிவுகளின் எண்களையும் பார்த்தேன். ஒன்பது பதிவுகள் தலா 800 சுமார், ஒன்று மட்டும் 40,000. அந்த ஒன்றுதான் சராசரியை மேலே தூக்கியிருக்கிறது. இந்த மாதிரி எண்களுக்கு இடைநிலை எண்ணைப் பாருங்கள், அதாவது வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்பதை. உங்களுக்கு அது 800. வைரலான பதிவைத் தனியாக எடுத்து ஆராயுங்கள், மாதக் கணக்கில் கலக்காதீர்கள். அடுத்த மாதம் எண் இறங்கும்போது மேலாளரிடம் திட்டு வாங்கவும் வேண்டியிருக்காது.

கேள்வி: பதிவு போட எந்த நேரம் சிறந்தது?

ஊருக்கெல்லாம் பொதுவான நேரம் எதுவும் கிடையாது. உங்கள் பழைய கணக்கும் உங்களை ஏமாற்றலாம். நல்ல பதிவுகளை எல்லாம் இரவு எட்டு மணிக்கே போட்டு வந்தவருக்கு எட்டு மணிதான் ராசியான நேரமாகத் தெரியும். ஜெயித்தது நேரமா, பதிவா? ஆறு வாரத்துக்குக் காசைச் சுண்டி நேரத்தை முடிவு செய்யுங்கள். தலை விழுந்தால் காலை, பூ விழுந்தால் இரவு. அப்புறம் ஒப்பிடுங்கள். நான் பார்த்த கணக்குகளில் பெரும்பாலானவற்றில் வித்தியாசம் எதிர்பார்த்ததைவிடச் சின்னதாகவே இருந்தது.

கேள்வி: சார்... மன்னிக்கவும், மேடம். ஏ/பி டெஸ்ட் (ஏ, பி என்ற இரண்டு வடிவங்களை வேறுவேறு ஆட்களிடம் காட்டி ஒப்பிடும் சோதனை) இரண்டு நாள் ஓட்டினேன். பி 20 சதவீதம் முன்னால் இருக்கிறது. ஏ-வை நிறுத்திவிடலாமா?

சார் என்றாலும் பரவாயில்லை, பதில் அதேதான்: நிறுத்தாதீர்கள். வருபவர்களில் 2 சதவீதம் பேர் வாங்கும் இடத்தில், அது 3 ஆகியிருக்கிறதா என்று ஓரளவு நம்பிக்கையோடு சொல்ல ஒவ்வொரு பக்கமும் சுமார் 3,800 பேர் வேண்டும். 2-லிருந்து 2.2 ஆகியிருக்கிறதா என்று பார்க்க ஒவ்வொரு பக்கமும் 80,000 பேருக்கு மேல் வேண்டும். வித்தியாசம் சிறுத்தால் தேவைப்படும் ஆள் எண்ணிக்கை அந்த அளவுக்கு எகிறும். உங்களிடம் வந்தது 300 பேர். அதில் 20 சதவீதம் என்பது ஒன்றிரண்டு ஆர்டர்தான்.

தினமும் எட்டிப் பார்த்து, முன்னால் போகும் நொடியில் நிறுத்துவது இன்னும் மோசம். எத்தனை பேர் வரை ஓட்டுவது என்பதை ஆரம்பிக்கும் முன்பே எழுதி வையுங்கள். சிறிய கணக்கு என்றால் பொத்தானின் நிறத்தைச் சோதித்து நாட்களை வீணாக்க வேண்டாம். முற்றிலும் வேறான இரண்டு சலுகைகளைச் சோதியுங்கள், அப்போதுதான் வித்தியாசம் கண்ணில் படும்.

கேள்வி: மெட்டா (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராமை நடத்தும் நிறுவனம்) 60 ஆர்டர் தன்னுடையது என்கிறது, கூகுள் 50 என்கிறது. எங்களுக்கு வந்ததே 80தான். யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் பொய் சொல்லவில்லை, ஒரே ஆர்டருக்கு இருவரும் சொந்தம் கொண்டாடுகிறார்கள். மெட்டாவின் வழக்கமான அமைப்பில், விளம்பரத்தைக் கிளிக் செய்த 7 நாளுக்குள்ளோ, வெறுமனே பார்த்த 1 நாளுக்குள்ளோ வாங்கினால் அது மெட்டாவின் கணக்கில் சேரும். அதே ஆள் நடுவில் கூகுளில் தேடி வந்திருந்தால் கூகுளும் எழுதிக்கொள்ளும். போதாததற்கு, 2021 ஏப்ரலில் வந்த ஐஓஎஸ் 14.5 முதல், மற்ற ஆப்களில் பின்தொடர ஐபோன் பயனரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். பலர் மறுத்துவிடுவதால் எண்களில் ஒரு பகுதி மதிப்பீடுதான்.

உங்கள் 80-ஐ மட்டும் உண்மையாக வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரம் நிஜமாகவே எவ்வளவு சேர்க்கிறது என்று தெரிய வேண்டுமா? ஒரு பகுதி மக்களுக்கு மட்டும் இரண்டு வாரம் விளம்பரத்தை நிறுத்திப் பாருங்கள். அங்கே விற்பனை குறையவில்லை என்றால், எப்படியும் வாங்க இருந்தவர்களுக்குத்தான் காசு கொட்டியிருக்கிறீர்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் யாருக்கும் மனசு வருவதில்லை.

கேள்வி: யூடிஎம் எல்லா லிங்க்கிலும் போடுகிறோம். ஆனால் ரிப்போர்ட்டில் ஃபேஸ்புக் மூன்று வரியாக வருகிறது.

யூடிஎம் என்பது, ஆள் எங்கிருந்து வந்தார் என்று சொல்ல லிங்க்கின் வாலில் ஒட்டும் குறிப்பு. அதை ஒருவர் பெரிய எழுத்தில், ஒருவர் சின்ன எழுத்தில், இன்னொருவர் சுருக்கி எழுதியிருப்பார். தளத்துக்கு வருபவர்களை எண்ணும் கூகுள் அனலிட்டிக்ஸுக்கு அவை மூன்றும் வேறுவேறு. எல்லாம் சின்ன எழுத்து என்று ஒரே விதி வைத்து, லிங்க்குகளை ஒரே ஷீட்டிலிருந்து எடுங்கள். இன்னொன்று, யூடிஎம் இல்லாத லிங்க்கை வாட்ஸ்அப்பில் பகிர்ந்தால், அது வழியாக வருபவர்கள் பெரும்பாலும் 'டைரக்ட்' கணக்கில்தான், அதாவது எங்கிருந்து வந்தார் என்று தெரியாதவர்களின் கணக்கில்தான், விழுவார்கள்.

கேள்வி: தளங்கள் தரும் எண்களை அப்படியே நம்பலாமா?

எதை எதால் வகுத்தார்கள் என்று பார்த்த பிறகு நம்பலாம். 2016-இல் ஃபேஸ்புக் தன் வீடியோக்களின் சராசரி பார்வை நேரத்தைக் கூட்டிக் காட்டியதாக ஒப்புக்கொண்டது. 3 விநாடிக்கு மேல் பார்த்தவர்களால் மட்டும் வகுத்திருந்தார்கள், உடனே தாண்டிப் போனவர்கள் கணக்கிலேயே இல்லை. உங்கள் எங்கேஜ்மென்ட் விகிதமும், அதாவது லைக், கமெண்ட், பகிர்வு போன்றவற்றின் விகிதமும், அப்படித்தான். ஃபாலோயரால் வகுத்தால் ஒன்று, ரீச்சால் வகுத்தால் இன்னொன்று. நான் ரீச்சால் வகுப்பேன்.

கேள்வி: மெட்டா விளம்பரத்தை இரண்டு நாளைக்கு ஒருமுறை மாற்றுகிறேன், செலவு நிலைக்கவே இல்லை.

மாற்றுவதாலேயே நிலைக்கவில்லை. ஒரு ஆட் செட் (ஒரே பட்ஜெட்டில், ஒரே மக்களுக்கு ஓடும் விளம்பரத் தொகுப்பு) பொதுவாக ஒரு வாரத்தில் 50 சுமார் ஆர்டரைப் பார்த்தால்தான், யாருக்குக் காட்டுவது என்று மெட்டா பழகும் கற்றல் கட்டத்தைத் தாண்டும். பெரிய மாற்றம் செய்தால் மறுபடி முதலிலிருந்து. அத்தனை ஆர்டர் வராதென்றால் ஆறு ஆட் செட்டை இரண்டாகச் சுருக்குங்கள், இல்லையென்றால் 'கூடையில் போட்டவர்' என்ற படியை இலக்காக வையுங்கள். ஒரு வாரம் கை வைக்காமல் இருந்துவிட்டு எண்களை அனுப்புங்கள், பார்க்கிறேன்.