கேளுங்க, நர்ஸ் அக்கா சொல்றேன்: வயித்துல பை, வெளிய அக்னி வெயிலு

கேள்வி: அக்கா, எங்க வீட்டுக்காரருக்கு 54 வயசு. மலக்குடல்ல கேன்சர்னு ஆபரேஷன் பண்ணி, சிறுகுடல வயித்துக்கு வெளிய எடுத்துவிட்டு பை மாட்டி அனுப்பிட்டாங்க, சில மாசம் கழிச்சு திரும்ப உள்ள வச்சிடலாம்னு சொல்லியிருக்காங்க. வீட்டுக்கு வந்து 12 நாள் ஆவுது. பை தண்ணி தண்ணியா ரொம்பிகிட்டே இருக்கு, அதுக்கு பயந்து சாப்பாட்டையே கொறச்சிட்டாரு, தண்ணி மட்டும் சொம்பு சொம்பா குடிக்கிறாரு, ஆனாலும் நாக்கு வறண்டு போவுது, கெண்டக்கால் புடிச்சி இழுக்குதுங்கிறாரு. பை ஒரு நாள் கூட ஒட்டி நிக்கல, சுத்தி தோலு வெந்துபோச்சு. யாரு வந்தாலும் உள் ரூம்ல போயி படுத்துக்கிறாரு.
பேர் வேணாம், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: பைய அப்புறம் பாப்போம்மா, கெண்டக்கால் இழுக்குதுன்னு எழுதியிருக்கியே, எனக்கு அதுதான் பயமா இருக்கு. அடுத்த ரிவ்யூ வரைக்கும் காத்திருக்காத, இன்னிக்கே ஆபரேஷன் பண்ண டாக்டருக்கு போன் போட்டு சொல்லி, ரத்தத்துல சோடியம், பொட்டாசியம், கிரியாட்டினின் (கிட்னி டெஸ்ட்) பாத்துடு.

தண்ணியையும் உப்பையும் உறிஞ்சி உடம்புக்கு குடுக்குறது பெருங்குடல் வேலை. கீழ போட்ட தையல் ஆறுறதுக்காக இப்ப அதுக்கு லீவு குடுத்து வச்சிருக்காங்க. அதனால சிறுகுடல்ல இருக்கறது உப்போட அப்படியே பைக்கு வந்துடுது. வெறும் தண்ணிய குடிக்க குடிக்க அது உள்ள இருக்குற உப்பையும் இழுத்துகிட்டு பைக்கே வந்து சேரும், அதான் சொம்பு சொம்பா குடிச்சும் நாக்கு வறளுது. மெடிக்கல்ல டபிள்யூஹெச்ஓ ஃபார்முலான்னு போட்ட ஓஆர்எஸ் பாக்கெட் வாங்கி, 1 லிட்டர்னு போட்டிருந்தா சரியா 1 லிட்டர்ல கலக்கி, நாள் முழுக்க கொஞ்சம் கொஞ்சமா குடிக்கட்டும், அந்த அளவுக்கு வெறும் தண்ணிய கொறச்சிடு (பிபி, கிட்னி, ஹார்ட் தொந்தரவு இருந்தா கேட்டுட்டு குடு). டப்பாவுல வர்ற இனிப்பு ஜூஸ் இல்ல, அது பைய இன்னும் ரொப்பும். இளநீயில பொட்டாசியம் நெறைய, சோடியம் கம்மி, அத மட்டும் நம்ப முடியாது. உப்பு போட்ட கஞ்சி, மோரு நல்லது.

பையிலேந்து ஊத்தறத ஒரு அளவு மக்குல புடிச்சி எழுதி வைங்க. 24 மணி நேரத்துல ஒன்றரை லிட்டர தாண்டுச்சுன்னாலோ, ஒண்ணுக்கு கம்மியா மஞ்சளா போனாலோ ராத்திரின்னு பாக்காம கெளம்பிடுங்க. எதுவுமே வராம 6 மணி நேரம் வயிறு வலிச்சி வாந்தி எடுத்தாலும், ஸ்டோமா (வயித்துக்கு வெளிய தெரியிற குடல் வாய்) கருத்துப்போனாலும் அப்படித்தான். மத்தபடி அது உதட்டு உள்பக்கம் மாதிரி செவப்பா இருக்கும், துடைக்கும்போது லேசா ரத்தம் கசிஞ்சா பயப்படாத.

பட்டினி கெடந்தா பை நிக்காது, கேஸ்தான் சேரும். இட்லி, கொழைஞ்ச சோறு, உருளக்கெழங்கு, வாழப்பழம்னு கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வேளை குடு, கெட்டியாவும். நம்ம ஊர்ல இருந்துகிட்டு இத சொல்ல கஷ்டமாத்தான் இருக்கு, ஆனா பண்ருட்டி பலாச்சொளையும் முந்திரியும் ஆறெட்டு வாரம் வாசப்படி ஏறக்கூடாது, நாரு சுருண்டு அடச்சிக்கும். தேங்கா, சோளம், காளானும் அதே கணக்குதான்.

இப்ப பைக்கு வா. ஆபரேஷன் ஆனப்ப வீங்கியிருந்த ஸ்டோமா ஆறெட்டு வாரத்துல சுருங்கும், நீங்க இன்னும் ஆஸ்பத்திரியில வெட்டிக்குடுத்த அளவுக்கே ஓட்டை போட்டுகிட்டு இருப்பீங்க, நடுவுல தெரியிற தோலு மேல ஜீரண நீர் பட்டு வேகுது. ஒவ்வொரு தடவையும் அளந்து 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெருசா வெட்டுங்க. எண்ணெ, டெட்டால், முகப்பவுடர் எதுவும் வேணாம், வெறும் தண்ணியில கழுவி ஒத்தி எடுத்து, ஃபேனுக்கு அடியில உக்காந்து வேர்வ அடங்கினப்புறம் ஒட்டி, அஞ்சு நிமிஷம் உள்ளங்கையால அமுக்கி புடிக்கணும். காலையில வெறும் வயித்துல மாத்தினா ஒழுகாது. மூணுல ஒரு பங்கு ரொம்பினதும் ஊத்திடுங்க, கனம் இழுத்துதான் பாதி பை பிச்சிக்குது. இவ்வளவு பண்ணியும் தோலு ஆறலைன்னா ஸ்டோமா நர்ஸ்கிட்ட காட்டு.

உள் ரூம் விஷயம்... நான் பாத்தவரைக்கும் சம்சாரமே பை மாத்துற வீட்டுலதான் ஆம்பளைங்க ரொம்ப நாள் படுத்துகிட்டே இருப்பாங்க. கண்ணாடி முன்னாடி நிக்கவச்சி கத்திரிக்கோல அவரு கையில குடு, மொத ரெண்டு பை வீணாப்போனா போவுது.

கேள்வி: எனக்கும் இதே பைதான். ஆனா பின்பக்கமாவும் சளி மாதிரி வருது, தையல் விட்டுப்போச்சா?
அரியாங்குப்பம்

பதில்: இல்ல தம்பி. சாப்பாடு வரலைன்னாலும் குடல் தோலு சளி சுரந்துகிட்டேதான் இருக்கும், முட்டுற மாதிரி இருந்தா டாய்லெட்ல போயி உக்காருங்க, வந்துடும், முக்காதீங்க. ஜொரமோ, நாத்தமடிக்கிற சீழோ, ரத்தமோ வந்தா மட்டும் உடனே காட்டணும். அடுத்த ரிவ்யூவுக்கு ஜிப்மர் போறப்ப, குடல திரும்ப உள்ள வைக்கிறதுக்கு முன்னாடி ஆசனவாய இறுக்கி விடுற பயிற்சி எப்ப ஆரம்பிக்கலாம்னு கேட்டுட்டு வாங்க. பஸ்ல போறதா இருந்தா கெளம்பும்போது பைய காலி பண்ணிட்டு, வெட்டி வச்ச மாத்துப் பை ஒண்ணு கையில இருக்கட்டும்.