பேராசிரியர் பதில்கள்: டைரியில் ஏழு இலக்கு எதற்கு?

இந்த முறை வந்த கடிதங்கள் பலவும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் இருக்கின்றன: வருகிற வருஷத்துக்கு என்ன திட்டம் போடுவது, போட்டதை எப்படி முடிப்பது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: மேடம், நான் ஒரு சுயநிதிக் கல்லூரியில் வரலாறு உதவிப் பேராசிரியர். வாரம் 20 மணி நேரம் வகுப்பு, அதற்கு மேல் என்.எஸ்.எஸ்., நாக் (கல்லூரித் தர மதிப்பீடு) ஃபைல் வேலை. 2023-இல் பார்ட் டைம் பிஎச்.டி. பதிவு செய்தேன். விடுதலைக்கு முந்தைய மதுரைக் கைத்தறி நெசவாளர்கள் பற்றிய ஆய்வு. வீட்டில் இரண்டு சின்னப் பிள்ளைகள். ஒவ்வொரு ஜனவரியும் டைரி வாங்கி, தீசிஸ் முடிக்கணும், இரண்டு பேப்பர் போடணும், ஒரு புத்தகம் எழுதணும், தினமும் ஒரு மணி நேரம் படிக்கணும் என்று வரிசையாக ஏழெட்டு எழுதுகிறேன். மார்ச் வந்தால் அந்தப் பக்கத்தைத் திறக்கவே மனசு வராது. எனக்கு ஒழுக்கம் இல்லையா, திட்டம் போடத் தெரியவில்லையா?
— பெயர் வேண்டாம், மதுரை

பதில்: ஒழுக்கத்தில் ஒரு குறையும் இல்லைம்மா. வாரம் 20 மணி நேரம் வகுப்பெடுத்து, பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டு, நாக் ஃபைலுக்குப் போட்டோ ஒட்டுகிறவரிடம் போய் ஒழுக்கம் பற்றி யார் பேச முடியும்? பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு நேரடி வகுப்பு வாரம் 16 மணி நேரம். இதைச் சொல்லிக் கல்லூரியில் சண்டை போடுங்கள் என்று சொல்லவில்லை, சுயநிதிக் கல்லூரியில் அது எங்கே போய் முடியும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனால் உங்களிடம் கூடுதலாக வாங்கப்படும் அந்த 4 மணி நேரம் உங்கள் ஆய்விலிருந்துதான் போகிறது என்பதைக் கணக்கில் வைத்துக்கொண்டு திட்டம் போடுங்கள். டைரியில் எழுதும்போது நீங்கள் வேறு யாருக்கோ, வகுப்பே இல்லாத ஒரு முழுநேர ஆய்வாளருக்கு எழுதுகிற மாதிரி எழுதியிருக்கிறீர்கள்.

முதலில் டைரியை மூடிவிட்டுக் கல்லூரிக் காலண்டரை எடுங்கள். ஜூன், ஜூலை அட்மிஷனிலும் புது டைம் டேபிளிலும் போகும். ஆகஸ்ட் கொஞ்சம் மூச்சு விடலாம், செப்டம்பர் பாதி வரைக்கும் கூட. அப்புறம் இன்டர்னல், மாடல், நவம்பரில் செமஸ்டர் தேர்வு, இன்விஜிலேஷன், வேல்யுவேஷன் கேம்ப். டிசம்பர் கடைசியில் சில நாள் கிடைக்கும். பொங்கல் முடிந்து பிப்ரவரி நடுப்பகுதி வரை இன்னொரு இடைவெளி, அதற்குப் பிறகு கருத்தரங்கு, விளையாட்டு விழா, ஆண்டு விழா என்று தினம் ஒரு மேடை. ஏப்ரலில் தேர்வு. மே மாதம் ஊருக்கெல்லாம் விடுமுறை, உங்களை மட்டும் பள்ளி பள்ளியாக அட்மிஷன் கேன்வாசிங்குக்கு அனுப்புவார்கள். ஆக, தலையை ஒரு விஷயத்தில் தொடர்ந்து வைக்க முடிகிற காலம் ஆகஸ்ட், டிசம்பர் கடைசி, ஜனவரி பிற்பாதி, மே மாதத்தில் நீங்கள் போராடி வாங்குகிற நாட்கள், அவ்வளவுதான். மார்ச்சில் டைரியைத் திறக்க மனசு வராததில் ஆச்சரியமே இல்லை, மார்ச் எழுதுகிற மாதமே கிடையாது.

இந்த நாலு இடைவெளிக்குள் ஒரு வருஷத்தில் என்ன முடியும்? என் கணக்கில் ஒரு இயல். முழுசாக ஒரே ஒரு இயல், கைடு கையில் கொடுக்கக்கூடிய நிலையில். கேட்கச் சின்னதாகத் தெரியும். ஆனால் ஏழெட்டு எழுதி ஒன்றும் நடக்காத வருஷங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

அந்த ஒன்றையும் எந்த வேலைக்கு எந்த இடைவெளி என்று பிரித்துக்கொள்ள வேண்டும். உங்கள் தலைப்புக்கு அரசாணைகள் பார்க்க எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போயே ஆக வேண்டும், அது ஞாயிற்றுக்கிழமை போய் முடிகிற வேலை இல்லை, அலுவலக நாட்களில் உட்கார்ந்து, கேட்டெழுதிக் கொடுத்து, கட்டு வரும்வரை காத்திருந்து பார்க்க வேண்டியது. தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா நூலகத்தையும் அதே பயணத்தில் சேர்த்துக்கொண்டால் பழைய தமிழ் இதழ்களையும் பார்த்துவிடலாம். இரண்டுக்கும் சேர்த்து மே மாதத்தில் ஒரு வாரத்தை இப்போதே குறித்து வையுங்கள், துறைத் தலைவரிடம் இப்போதே சொல்லுங்கள், மே மாதம் வந்த பிறகு சொன்னால் கேன்வாசிங் பட்டியலில் உங்கள் பெயர் ஏறியிருக்கும். பிள்ளைகளை யாரிடம் விடுவது என்ற ஏற்பாடும் திட்டத்தின் ஒரு பகுதிதான், அதையும் எழுதி வையுங்கள். பிரான்சிஸ் எழுதிய 1906-ஆம் ஆண்டு மதுரை மாவட்ட கெசட்டியர், பழைய சென்சஸ் அறிக்கைகள் போன்றவை பிடிஎஃப்-ஆகக் கிடைக்கின்றன, இவற்றுக்காக நல்ல நாட்களைச் செலவழிக்காதீர்கள். இன்விஜிலேஷன் முடிந்து வந்த களைப்பிலும் பத்துப் பக்கம் படித்துக் குறிப்பெடுக்கலாம். எழுதுவதைக் களைத்த நேரத்தில் செய்ய முடியாது, அதை ஆகஸ்டுக்கும் ஜனவரிக்கும் வையுங்கள்.

கெடு யார் வைப்பது என்பது அடுத்த விஷயம். நாமே வைத்த கெடுவை நாமே தள்ளிப் போட ஒரு நிமிஷம் ஆகாது. 2022-இல் வந்த யுஜிசி பிஎச்.டி. விதிமுறையில் ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழு முன்னால் வந்து முன்னேற்றத்தைச் சொல்ல வேண்டும் என்று இருக்கிறது. பெரும்பாலானவர்கள் இந்தக் குழு மீட்டிங்கை ஒரு சடங்காக, பத்து ஸ்லைடில் ஒப்பேற்றிவிட்டு வருகிறார்கள். நீங்கள் அதையே கெடுவாக ஆக்கிக்கொள்ளுங்கள். அடுத்த மீட்டிங்கில் இந்த இயலின் முதல் பாதியைக் காட்டுகிறேன் என்று இந்த மீட்டிங்கிலேயே எல்லார் முன்னாலும் சொல்லிவிடுங்கள். வெளிப் பேராசிரியர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது சொன்ன வார்த்தைக்கு டைரியை விட வலு அதிகம்.

காலக் கணக்கையும் தெரிந்து வைத்திருங்கள். அதே விதிமுறைப்படி 6 ஆண்டு, மறுபதிவில் 2 ஆண்டு, பெண்களுக்கு அதற்கு மேலும் 2 ஆண்டு, மொத்தம் 10-ஐத் தாண்டக்கூடாது. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்புக்கு ஆய்வுக் காலம் முழுவதற்கும் சேர்த்து 240 நாள் வரை விடுப்பும் உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் இதை எப்படி ஏற்றிருக்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 2023 பதிவு என்றால் 2029 உங்கள் இயல்பான எல்லை. அந்த நாலு வருஷச் சலுகையை இப்போதே மனசில் கூட்டிவிடாதீர்கள், அது உடம்பு சரியில்லாமல் போகிற வருஷத்துக்கு.

வெட்ட வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். புத்தகம் எழுதுவதைத் தீசிஸ் முடிகிற வரை மறந்துவிடுங்கள், தீசிஸ்தானே நாளைக்குப் புத்தகம். தினமும் ஒரு மணி நேரம் என்பதை வாரத்தில் இரண்டு காலை என்று மாற்றுங்கள், இரண்டில் ஒன்று போனால் ஒன்று மிஞ்சும். ஐந்து நாள் ஆன்லைன் எஃப்.டி.பி. (ஆசிரியர் பயிற்சி) சர்டிபிகேட்டுகளைச் சேர்க்கிற பழக்கம் 2020 ஊரடங்கில் எல்லாரையும் பிடித்தது, இன்னும் விடவில்லை. கேமராவை அணைத்துவிட்டுச் சமையல் செய்துகொண்டே வாங்கிய சர்டிபிகேட் பதவி உயர்வுக்குத் தேவையான ஒன்றிரண்டைத் தாண்டினால் ஃபைலைத்தான் தடியாக்கும். கேட்பவர்களுக்கு ‘இந்த வருஷம் இல்லை’ என்று சொல்லிப் பழகுங்கள். காரணம் சொல்ல ஆரம்பித்தால்தான் வாதம் வரும்.

கேள்வி: இலக்குகளை ஜனவரியில் போடுவதா, ஜூனிலா?
— கடலூர் வாசகர்

பதில்: ஜூன். நம் வேலை வருஷம் அங்கேதான் தொடங்குகிறது. ஜனவரியில் பாதி வழியில் நின்று, எது நடக்காது என்று தெரிந்துவிட்டதோ அதை அடித்துவிடுங்கள், புதிதாக எதையும் சேர்க்காதீர்கள்.

கேள்வி: வணக்கம் மேடம். நான் பொறியியல் கல்லூரி ஒன்றில் இயற்பியல் உதவிப் பேராசிரியர், பிஎச்.டி. முடித்து மூன்று வருஷம் ஆகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் எங்களிடம் ஒரு இலக்குப் படிவம் கொடுத்து, அதில் ‘4 ஸ்கோபஸ் பேப்பர்’ (ஸ்கோபஸ் பட்டியலில் உள்ள ஆய்விதழ்களில் வரும் கட்டுரை) என்று அவர்களே நிரப்பிக் கையெழுத்து கேட்கிறார்கள். போன வருஷம் ஒன்றுதான் வந்தது, இன்னொன்று எட்டு மாதமாக ரிவ்யூவில் கிடக்கிறது. இன்க்ரிமென்ட் நிற்கும் என்கிறார்கள். வாட்ஸ்ஆப்பில் 15 நாளில் ஸ்கோபஸ் பேப்பர் என்று விளம்பரம் வருகிறது, என்ன செய்வது?
— கோவை வாசகர்

பதில்: அந்த விளம்பரத்தை முதலில் டிலீட் பண்ணுங்கள் தம்பி. 15 நாளில் உருப்படியான ரிவ்யூ நடக்காது, வாங்குகிற காசுக்கு அச்சடிப்பதுதான் நடக்கும். அப்படிப்பட்ட இதழ்களை ஸ்கோபஸ் அவ்வப்போது கழித்துக் கட்டுவதால் நீங்கள் பணம் கட்டி முடிப்பதற்குள் இதழே பட்டியலில் இல்லாமல் போகலாம், அப்புறம் பணமும் போய், சி.வி.யில் எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கிற ஒரு அசிங்கமும் மிச்சமாகும். யுஜிசியே தரமான இதழ்கள் என்று தான் வைத்திருந்த கேர் பட்டியலை 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டு, இதழ்களின் தரத்தை எடைபோடுவதைக் கல்வி நிறுவனங்களிடமே விட்டிருக்கிறது. அதனால் நாளைக்கு நேர்காணலில் உட்காருகிறவர் பட்டியலைப் பார்க்காமல் உங்கள் பேப்பரையே எடுத்துப் படிக்கக்கூடும்.

படிவத்துக்கு வருகிறேன். பேப்பர் எழுதுவது உங்கள் கையில், அனுப்புவது உங்கள் கையில், எடிட்டர் அதை எந்த ரிவ்யூவருக்கு அனுப்புவார், அவர் எப்போது திறந்து பார்ப்பார் என்பது யார் கையிலும் இல்லை. எட்டு மாதம் என்பது எரிச்சலான காலம்தான், ஆனால் இயற்பியலில் நடக்காத விஷயம் இல்லை, எடிட்டருக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டு நிலவரம் கேட்கலாம். கல்லூரி ‘4 வெளியீடு’ என்று எழுதியிருந்தால், பக்கத்திலேயே ‘அனுப்பப்படுபவை 2, ரிவ்யூவில் 1, தரவு சேகரிப்பில் 1’ என்று பிரித்துத் தேதியோடு எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் எடுத்து வையுங்கள். வருஷக் கடைசியில் ‘ஒன்றுதானே’ என்று கேட்கும்போது பேசுவதற்கு உங்களிடம் ஒரு காகிதம் இருக்கும். நிர்வாகம் ஏற்குமா என்றால், சில இடங்களில் ஏற்கும், சில இடங்களில் எண்ணிக்கை மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது வகை என்றால் படிவத்துக்கு ஒரு இலக்கு, உங்களுக்கு ஒரு இலக்கு என்று இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள், இதில் பொய் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, பதவி உயர்வை நினைத்துப் பதறுகிறீர்கள் போலிருக்கிறது. யுஜிசியின் 2018 விதியில் உதவிப் பேராசிரியர் சம்பளப் படிநிலையில் லெவல் 10-இலிருந்து 11-க்குப் போக பிஎச்.டி. இருந்தால் 4 வருஷப் பணிக்காலம், எம்.ஃபில் போன்ற பட்டம் இருந்தால் 5, இரண்டும் இல்லையென்றால் 6. கூடவே பயிற்சி வகுப்புகள் கேட்கிறார்கள். ஆண்டுக்கு 4 பேப்பர் என்று அதில் எங்கும் இல்லை, அது உங்கள் நிர்வாகம் தரவரிசைக்காகப் போட்ட எண். உங்கள் கல்லூரி அந்த விதியைப் பின்பற்றுகிறதா என்பதும் தனிக் கேள்விதான், பொறியியல் கல்லூரிக்குத் தொழில்நுட்பக் கல்விக் குழுவான ஏஐசிடிஇயின் விதிகள் தனியாக இருக்கின்றன, அதையும் எடுத்துப் படியுங்கள். படித்துவிட்டுப் பேசுகிற ஆளிடம் பேச நிர்வாகமும் கொஞ்சம் யோசிக்கும்.

ஆய்வில் உங்கள் இலக்கு என்று என்னைக் கேட்டால், எப்போதும் ஒன்று ரிவ்யூவில் இருக்க வேண்டும், ஒன்று எழுதப்பட்டுக்கொண்டிருக்க வேண்டும், ஒன்றுக்கு லேபில் அளவீடு நடக்க வேண்டும். இந்த மூன்று நிலையும் காலியாகாமல் பார்த்துக்கொண்டால், வருஷத்துக்கு ஒன்றோ இரண்டோ வருவது வரட்டும். கல்லூரியில் கருவி இல்லை, பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் காசு கட்டித்தான் எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர்ச் சோதனை) எடுக்கிறோம் என்ற நிலைமையில் வேலை செய்கிறவர்கள் சாம்பிள் அனுப்புகிற தேதிகளைத்தான் முதலில் காலண்டரில் ஏற்ற வேண்டும், முடிவு எப்போது வரும் என்பதை வைத்துத்தான் எழுதுகிற மாதத்தை முடிவு செய்ய முடியும்.

கேள்வி: எனக்கு ஆய்வில் ஆர்வம் இல்லை, பாடம் நடத்துவதுதான் பிடிக்கும். இலக்கு என்றாலே எல்லாரும் பேப்பர் கணக்குத்தான் பேசுகிறார்கள். என்னைப் போன்றவர்கள் என்ன எழுதுவது?
— வணிகவியல் விரிவுரையாளர், தஞ்சாவூர்

பதில்: தைரியமாகச் சொன்னீர்களே, சந்தோஷம். நீங்கள் நடத்துகிற பாடங்களில் ஒன்றை மட்டும் இந்த வருஷம் எடுத்து முதலிலிருந்து புதிதாகச் செய்யுங்கள். கம்பெனி அக்கவுன்ட்ஸ் என்று வைத்துக்கொள்வோம். பழைய நோட்ஸில் இன்னும் 1956 கம்பெனிகள் சட்டம் உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள், 2013 சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படிதான் இருப்புநிலைக் குறிப்பு போடச் சொல்லித் தருகிறோமா என்று பாருங்கள். உண்மையான நிறுவனங்களின் ஆண்டறிக்கைகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன, உங்கள் மாணவர்களுக்குத் தெரிந்த நிறுவனம் ஒன்றின் அறிக்கையை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு யூனிட்டையும் அதை வைத்தே நடத்துங்கள். கடந்த சில செமஸ்டர் விடைத்தாள்களில் பிள்ளைகள் திரும்பத் திரும்பத் தப்பு செய்கிற இடங்கள் உங்களுக்கே மனப்பாடமாகத் தெரியும், அந்த இடங்களுக்கு மட்டும் தனிப் பயிற்சிக் கணக்குகள் தயார் செய்யுங்கள். நவம்பர் வேல்யுவேஷனில் அதே தப்புகள் குறைந்தனவா என்று உங்கள் பிள்ளைகளின் மாடல் தேர்வுத் தாளை வைத்து முன்கூட்டியே பார்த்துவிடலாம். இதைப் படிவத்தில் எழுத இடம் இல்லையென்றால் ‘பாடத்திட்ட மேம்பாடு’ என்ற கட்டத்தில் போடுங்கள், எல்லாப் படிவத்திலும் அப்படி ஒரு கட்டம் இருக்கும், பெரும்பாலும் காலியாகவே இருக்கும்.