தந்தையின் அக்கிரமமும் மகனின் பொறுப்பும்

அன்புள்ள சகோதரருக்கு,

அடகுக்கடை நடத்திய உங்கள் தந்தை பலருடைய நகைகளைத் திருப்பித் தராமல் ஏமாற்றினார் என்றும், உங்கள் பிள்ளையின் நோய் அதன் சாபமே என்று உறவினர் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அதைப் படித்து மிகவும் வருந்தினேன்.

உறவினர் காட்டும் வேதாகம வசனமான யாத்திராகமம் 20:5, பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படும் என்கிறது. ஆனால் ‘என்னைப் பகைக்கிறவர்களை’ என்ற சொல்லும் அதே வசனத்தில்தான் இருக்கிறது; அதாவது தேவன் அங்கே பேசுவது தம்மைப் பகைக்கிறவர்களைப் பற்றியே. பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போன யூதர்களும், பிதாக்கள் புளித்த திராட்சக்காயைத் தின்றதால் தங்கள் பற்கள் கூசுவதாகப் பழமொழி சொல்லிப் பிதாக்கள்மேல் பழி போட்டுக்கொண்டிருந்தபோது, அவர்களோடு கேபார் நதியோரத்தில் வாழ்ந்த தீர்க்கதரிசி எசேக்கியேல், மகன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று தம் நூலின் 18ஆம் அதிகாரத்தில் திட்டவட்டமாக அறிவித்தார். தீர்க்கதரிசி எரேமியாவும் (31:29-30) அந்தப் பழமொழியையே மறுக்கிறார்.

எசேக்கியேல் அங்கே காட்டும் நல்ல மகன், தகப்பனின் பாவங்களைக் கண்டும் அவற்றைச் செய்யாதவன். அவனுடைய நீதிக்கு அவர் சொல்லும் அடையாளங்களில், அடகைப் பிடித்து வைத்துக்கொள்ளாமையும் பசித்தவனுக்கு அப்பம் கொடுத்தலும் உண்டு. இது உங்கள் வீட்டு விஷயத்துக்கு எவ்வளவு நெருக்கமானது!

ஆகவே பிள்ளைக்கு மருத்துவம் பாருங்கள். அதைச் சாபத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். தந்தையை மன்னிப்பதற்கு அவசரப்படவும் வேண்டாம். ஆனால் அலமாரியில் இன்னும் பெயர்ச்சீட்டோடு கிடப்பதாக நீங்கள் எழுதிய அந்த ஒரு ஜோடி கம்மல் இப்போது உங்கள் கையில்தான் இருக்கிறது. உரியவரையோ அவர் பிள்ளைகளையோ தேடி, அதை நேரில் ஒப்படைத்துவிடுங்கள்.