எள் விதைக்காத எண்ணெய்

கேள்வி: உலகிலேயே அதிக எண்ணெய் வளம் உள்ள வெனிசுவேலாவில் மக்கள் சோற்றுக்கு வழியில்லாமல் நாட்டை விட்டே ஓடினார்கள். தெருவெல்லாம் போராட்டம். எண்ணெய் ஒரு சாபம் என்பது இதனால் உறுதியாகிவிட்டதல்லவா? நமக்கு இதில் என்ன பாடம்?
- வாசகர், அறந்தாங்கி

பதில்: முதலில் ‘எண்ணெய்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். எள்ளின் நெய் எண்ணெய். அந்தப் பெயரைத்தான் பிறகு தேங்காய்க்கும் கடலைக்கும் வேப்பங்கொட்டைக்கும் நீட்டி, கடைசியில் பூமிக்குள்ளிருந்து வந்ததற்கும் கொடுத்து மண்ணெண்ணெய் என்றோம். என் சிறுவயதில் எங்கள் தெருக்கோடியில் ஒரு மரச்செக்கு இருந்தது. எள் தானாக எண்ணெய் ஆகிவிடாது. விதைக்கணும், களையெடுக்கணும், அறுத்துக் காயவைத்து உதறணும், புடைக்கணும். செக்கில் போட்ட பிறகும் நேரம் பார்த்துக் கருப்பட்டி சேர்க்கணும், அப்போதுதான் எண்ணெய் பிரியும். அந்த நேரம் செக்காட்டுபவருக்குத்தான் தெரியும். அவர் ஊரில் இல்லாத நாளில் மாடு இருந்தும் எள் இருந்தும் செக்கு ஓடாது.

வெனிசுவேலாவுக்கு எண்ணெய் வேறு மாதிரி வந்தது. 1922 டிசம்பரில் மரகைபோ ஏரிக்கரையில் காபிமாஸ் என்ற ஊரில் ஒரு கிணறு வெடித்தது. ஒன்பது நாள், நாளொன்றுக்குச் சுமார் 1 லட்சம் பீப்பாய் என்று வானத்தைப் பார்த்துப் பீய்ச்சியது. அதுவரை காப்பியும் கொக்கோவும் விற்றுப் பிழைத்த நாடு அது. விதைக்காமல் வந்த விளைச்சல் என்ன செய்யும் என்று அங்கே ஒருவருக்கு அப்போதே தெரிந்திருந்தது. 1936-ல் அர்த்துரோ உஸ்லார் பியெத்ரி என்ற எழுத்தாளர் ஒரு நாளிதழில் தலையங்கம் எழுதினார். தலைப்பு: ‘எண்ணெயை விதைப்போம்.’ கிடைக்கும் பணத்தை வயலிலும் தொழிலிலும் போடாவிட்டால் நாடு ஒட்டுண்ணியாகிவிடும் என்றார். அதன் பிறகு வந்த அரசுகள் எல்லாம் அந்தத் தொடரை மேடையில் சொன்னார்கள். விதைக்கத்தான் இல்லை. கடைசியில் காப்பிக்கொட்டையையே கப்பலில் இறக்குமதி செய்தார்கள்.

அடுத்து ‘சாபம்’. இந்தச் சொல்லோடு எனக்குப் பழைய வழக்கு உண்டு. சுனாமி வந்தபோதும் வறட்சி வந்தபோதும் இந்தப் பக்கத்தில் இதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். சாபத்தில் கொடுத்தவர் ஒரு முனிவர், பெற்றவன் ஒரு பாவி. நடுவே கையெழுத்துப் போட்ட ஆள் யாரும் கிடையாது. வெனிசுவேலாவில் கையெழுத்துகள் தேதியோடு இருக்கின்றன. எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஓபெக்கை உருவாக்கியவர்களில் ஒருவரான வெனிசுவேலாவின் பெரெஸ் அல்ஃபோன்ஸோ எண்ணெயைப் ‘பிசாசின் மலம்’ என்றது உண்மைதான். ஆனால் அவர் பிசாசின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடவில்லை. எழுபதுகளில் பணம் கொட்டியபோது, செலவழிக்கும் ஆட்களைப் பார்த்து, இது நம்மை அழிக்கும் என்று கடைசிவரை எச்சரித்துக்கொண்டே இருந்தார்.

நண்பர்களில் இரண்டு கட்சி உண்டு. எல்லாவற்றுக்கும் அமெரிக்கத் தடைதான் காரணம் என்பவர்கள் ஒரு பக்கம், எல்லாவற்றுக்கும் சோஷலிசம்தான் காரணம் என்பவர்கள் மறுபக்கம். இருவரும் எனக்குக் கோபமாகக் கடிதம் எழுதுகிறவர்கள். இரண்டு பேருக்கும் ஒரே பதில்தான்: தேதியைப் பாருங்கள். 1983 பிப்ரவரி 18, ‘கறுப்பு வெள்ளி’. எண்ணெய் விலை இறங்க, பொலிவார் நாணயம் சரிந்தது. 1989 பிப்ரவரி 27. அரசு பெட்ரோல் விலையை ஏற்ற, பக்கத்து ஊரான குவாரெனாஸில் பஸ் கட்டணம் ஏற, தலைநகர் காரகாஸ் பற்றி எரிந்தது. ராணுவம் சுட்டதில் அரசுக் கணக்குப்படியே முந்நூறு பேருக்குக் கொஞ்சம் குறைவாக இறந்தார்கள், உண்மை அதைவிட மிக அதிகம் என்பார்கள். பின்னால் அதிபராகி சோஷலிசம் பேசிய சாவேஸும் அப்போது ஆட்சியில் இல்லை, தடையும் இல்லை. அந்தப் பிணங்களின் பயத்தில், தொண்ணூறுகளில் நின்ற பெட்ரோல் விலையை 2016 வரை ஒருவரும் தொடவில்லை. லிட்டர் பத்துக் காசு கூடப் பெறாது. பெட்ரோல் தகரக் கேன்களில் எல்லை தாண்டிக் கொலம்பியாவுக்கு ஓடியது.

சாவேஸ் காலத்தில் ஏழைகள் வயிறாரச் சாப்பிட்டார்கள், குடிசைப்பகுதிக்கு முதன்முதலாக டாக்டர் வந்தார், வறுமை வெகுவாகக் குறைந்தது. அதை மறைப்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. ஆனால் செக்கு என்ன ஆயிற்று? 2002 ஏப்ரலில் அவர் தொலைக்காட்சியில், கையில் விசில் வைத்து ஊதி ஊதி, அரசு எண்ணெய் நிறுவனத்தின் மேலதிகாரிகளைப் பெயர் சொல்லி வெளியே அனுப்பினார். அந்த டிசம்பரில் அவரை இறக்குவதற்கென்றே எதிரணி எண்ணெய் வேலைநிறுத்தம் நடத்தியது. அதுவும் நாட்டைப் பணயம் வைத்த காரியம்தான். முடிந்ததும் சுமார் 18,000 பேர் வேலை நீக்கம். அங்கே ஒரினோகோ ஆற்றுப் பகுதியில் கிடைக்கும் எண்ணெய் தார் மாதிரி, நாப்தா என்ற லேசான எண்ணெயைக் கலந்து இளக்காமல் குழாயில் ஓடாது. நம் செக்குக் கருப்பட்டி மாதிரிதான், எப்போது எவ்வளவு என்று தெரிந்த ஆள் வேண்டும். தெரிந்தவர்கள் வீட்டுக்குப் போனார்கள், பிறகு வெளிநாட்டுக்குப் போனார்கள். நாளுக்கு 30 லட்சம் பீப்பாய்க்கு மேல் எடுத்த நாடு, 2019-ல் எண்ணெய்க்குத் தடை வரும் முன்பே அதில் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. தடை வந்து மிச்சத்தையும் முறித்தது, 2020-ன் நடுவில் 5 லட்சம்கூட இல்லை. அந்த ஆண்டு மே மாதம் ஈரானிலிருந்து ஐந்து கப்பல்களில் பெட்ரோல் வந்து இறங்கியது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைவது என்ற பழமொழி, 30,000 கோடி பீப்பாய் இருப்புள்ள நாட்டில் பெட்ரோல் பங்க் வாசலில் மைல் கணக்கில் வரிசையாக நின்றது.

எண்ணெய் நிறுவனத்துக்கு இன்னொரு வேலையும் கொடுத்தார்கள், உணவு இறக்குமதி. 2010-ல் புவெர்த்தோ கபெல்லோ துறைமுகத்தில் கண்டெய்னர் கண்டெய்னராகப் பல்லாயிரம் டன் உணவு அழுகிக் கிடந்தது வெளியே தெரிந்தது.

நான் மன்னிக்க முடியாதது கணக்கை மறைத்ததை. எண்ணெயில் வாழும் அரசு மக்களிடம் வரிக்காகக் கை நீட்டத் தேவையில்லை, அதனால் பதில் சொல்லவும் தேவையில்லை என்று நினைத்துக்கொள்கிறது. இறக்குமதிக்கென்று அரசு கொடுத்த சலுகை விலை டாலரை வாங்கி, பொருளே இறக்காமல் சுருட்டிய, பெயருக்கு மட்டும் இருந்த பெட்டிக் கம்பெனிகள் இருக்கின்றன என்று 2013-ல் மத்திய வங்கித் தலைவர் எட்மே பெத்தன்கூர் வெளிப்படையாகச் சொன்னார். சில மாதங்களில் அவர் பதவியில் இல்லை. 2017 மே மாதம் சுகாதார அமைச்சகம், வருடக்கணக்கில் அடைத்து வைத்திருந்த புள்ளிவிவரத்தை வெளியிட்டது. முந்தைய ஆண்டில் சிசு மரணம் 30 சதவீதம், பிரசவத்தில் தாய் மரணம் 65 சதவீதம் கூடியிருந்தது. அமைச்சர் அன்தோனியெத்தா கபொராலே உடனே நீக்கப்பட்டார். அந்த 2017-ல் மக்கள் சராசரியாக 11 கிலோ எடை இழந்தார்கள் என்று சொல்ல மூன்று பல்கலைக்கழகங்கள் சேர்ந்து கணக்கெடுக்க வேண்டியிருந்தது. விலைவாசி எண்ணை மத்திய வங்கி மூன்று வருடத்துக்கு மேல் வெளியிடவே இல்லை. 2019-ல் வெளியிட்டபோது 2018-ன் பணவீக்கம் 1,30,060 சதவீதம். 2008-ல் மூன்று, 2018-ல் ஐந்து, 2021-ல் ஆறு என்று பொலிவாரிலிருந்து பதினான்கு பூஜ்யங்களை வெட்டினார்கள். அதாவது பழைய நூறு லட்சம் கோடி, புதிய ஒரு பொலிவார். 2018 ஆகஸ்டில், அந்த ஐந்து பூஜ்யங்களை வெட்டும் முன், ஒரு கோழி 1 கோடியே 46 லட்சம் பொலிவார். 2024 ஜூலைத் தேர்தலிலும் அதே பழக்கம், வாக்குச்சாவடி வாரியான எண்ணிக்கையைத் தேர்தல் ஆணையம் வெளியிடவில்லை. சாவடிகளில் அச்சான எண்ணிக்கைச் சீட்டுகளில் நூற்றுக்கு எண்பதுக்கு மேல் திரட்டி, எதிர்க்கட்சியினர்தான் மக்கள் முன் வைத்தார்கள்.

பத்திரிகைக் காகிதம் இறக்குமதி செய்வதையும் அரசே கையில் வைத்துக்கொண்டது. ‘எல் நாசியோனால்’ 1943-ல் தொடங்கிய நாளிதழ். 75 ஆண்டு அச்சாகி, 2018 டிசம்பர் 14-ஆம் தேதியோடு அச்சை நிறுத்தியது. காகிதச் சுருள் தீரப்போகிற பயம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கணக்கைக் கேட்பவனுக்குக் காகிதம் கிடைக்கவில்லை என்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

பாடம் கேட்டிருக்கிறீர்கள். மற்றவர் பட்டினியை நமக்குப் பாடமாக்க எனக்கு மனம் வரவில்லை. ஒன்று மட்டும் சொல்கிறேன். 2015 ஆகஸ்டில், சாவேஸுக்குப் பின் வந்த மதுரோவின் அரசு கொலம்பிய எல்லையை மூடியது. மறு ஆண்டு ஜூலை 5, வெனிசுவேலாவின் சுதந்திர தினம். உரேன்யா என்ற எல்லை ஊரில் சுமார் 500 பெண்கள், வெள்ளை உடை உடுத்தி, காவலுக்கு நின்ற சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டு பாலத்தைக் கடந்தார்கள். கொலம்பியாவின் கூகுதா கடைகளுக்குப் போனார்கள். மாவும் சர்க்கரையும் சமையலுக்கு எண்ணெயும் வாங்கிக்கொண்டு அதே பாலத்தில் திரும்பி நடந்தார்கள்.